வாசிக்க முடியாத லோகோ

இன்று அவனியாபுரத்தில் ஒரு ஸ்டிக்கர் கடைக்குப் போனேன். கல்லூரி நாட்களில் எங்கள் ராக் பேண்டுக்கு நான் வரைந்த லோகோவை பைக்கில் ஒட்ட வேண்டும்.

எழுத்தெல்லாம் முள்ளும் வேருமாகப் பின்னிக் கிடக்கும். வாசிக்க முடியவில்லை என்று மற்ற நால்வரும் அன்று அதை ஒதுக்கிவிட்டு, கல்யாணப் பத்திரிகை எழுத்தில் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

கடைக்காரப் பெண்மணி உற்றுப் பார்த்தார்.

"வாசிக்க முடியலையோ?" என்றேன், சண்டைக்குத் தயாராக.

"எதுக்குண்ணே வாசிக்கணும்? எங்க ஜல்லிக்கட்டுக் காளை ஏத்துற வண்டிக்கு நானே இப்படித்தான் முள்ளு முள்ளா வெட்டி ஒட்டிருக்கேன். பாத்ததுமே பயந்து ஒதுங்கணும்ல. இதப் பாத்தாலே அம்புட்டுச் சத்தம் கேக்குது!"

"ராக் பாட்டு கேப்பீங்களா?"

"அப்படின்னா?"

ராக்கிலேயே காதைப் பிளக்கும் ரகமான மெட்டலை வாசிக்கும் உலகத்துப் பேண்டுகள் எழுத்தை ஏன் இப்படி முறுக்கின என்பதை, அந்த இசையைக் கேட்டே இராதவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். கைகூப்பத் தோன்றியது.

ஒட்டி முடித்ததும் படமெடுத்து நால்வருக்கும் அனுப்பினேன். ஒருவன் உடனே பதில் போட்டான்:

"சூப்பர் மாப்ள! என்ன எழுதிருக்கு?"

இவனை நட்புப் பட்டியலில் இன்னும் வைத்திருக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.