தூத்துக்குடியில் இறங்கியவள்

மேலகரத்தில் நடவு நட்டுப் பிழைத்தவள் மூக்கம்மாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரே அண்ணன் மந்திரமூர்த்தி கொழும்புக்குப் போய்ப் பல வருஷமாகியிருந்தது. முப்பத்து நாலாம் வருஷம் ஆனியில், கொழும்புக்கு எலுமிச்சை அனுப்பும் புளியங்குடி இசக்கியப்பன் அவளைத் தேடி வயலுக்கே வந்தார்.

"ஏட்டி மூக்கம்மா, ஒங்க அண்ணன் யாருகிட்டயோ சொல்லிவிட்டிருக்கான். செவ்வாக்கெழமை கப்பல்ல வருதாங்களாம். தூத்துக்குடிக்குப் போயிக் கூட்டிட்டு வந்திரு."

"அண்ணனா வருதான், அண்ணாச்சி?"

"வேற யாரு வருவா?"

தென்காசியில் ரயிலேறி, மணியாச்சியில் மாறி, தூத்துக்குடித் துறைக்கு வந்து நின்றாள். தண்ணீர்தான் தெரிந்தது, கப்பலைக் காணோம். மூட்டை சுமப்பவர் ஒருவரிடம் கேட்டாள்.

"அன்னா தூரத்துல புகை தெரியுதுல்லா, அதாம்மா கப்பல். இங்கன ஆழம் பத்தாது. ஆளுகளப் படகுலதான் கொண்டாருவாவ."

படகு வந்தது. இறங்கிய ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அண்ணன் இல்லை. கடைசியில் இடுப்பில் பெண் குழந்தையோடு ஒருத்தி இறங்கி, அங்கே நின்ற பெண்களிடமெல்லாம், "மூக்கம்மா? தென்காசி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நாந்தான் மூக்கம்மா" என்றதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று ஏதோ பேசினாள். ஒரு சொல்லும் புரியவில்லை. அதே படகில் வந்த காயல்பட்டினத்து மெஹர் பானு நின்று கேட்டாள்.

"சிங்களம் பேசுதா. ஒங்க அண்ணன் பொஞ்சாதியாம். பேரு சோமாவதியாம்."

"அண்ணன் எங்கயாம்?"

"பொறவு வாரேன்னு இவளக் கப்பலேத்தி விட்டாராம். அதுக்கு மேல அவளுக்கும் தெரியலம்மா."

மெஹர் பானுவை வீட்டார் கூப்பிட, அவள் போய்விட்டாள். மூக்கம்மாள் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் உயிரோடு இருக்கிறானா? சோமாவதியின் கழுத்தைப் பார்த்தாள், தாலி இல்லை. காலில் மெட்டி இல்லை. அந்த ஊர் வழக்கமே அப்படியோ, தாலி அறுத்தவளோ, கட்டாமலே வாழ்ந்தவளோ? குழந்தையின் முகத்தில் அண்ணன் ஜாடையைத் தேடினாள். இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அதற்குள் குழந்தை பசியில் அழ ஆரம்பித்தது. கொண்டுவந்த கட்டுச்சோற்றை அவிழ்த்து ஊட்டினாள். பிறகு இருவரையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள்.

அண்ணன் அடுத்த கப்பலிலும் வரவில்லை, அதற்கடுத்ததிலும் வரவில்லை. சோமாவதி நடவு பழகினாள். மெல்லத் தமிழும் பழகினாள். ஒருநாள் வரப்பில் கஞ்சி குடிக்கும்போது மூக்கம்மாள் கேட்டாள்.

"எங்க அண்ணன் இப்ப எப்படி இருக்கான்? தலை நரைச்சிட்டா?"

"நரைக்கல அக்கா. நல்ல ஒசரம். வாசல்ல குனிஞ்சுதான் வருவாரு."

மூக்கம்மாள் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள். அண்ணன் மந்திரமூர்த்தி மூக்கம்மாள் தோளுக்குக் கொஞ்சம் மேலேதான் இருப்பான். அப்படியானால் இவள் யாரோடு வாழ்ந்தவள்? அவனுக்குத் தன் பெயர் எப்படித் தெரிந்தது? அண்ணனோடு வேலை செய்த எவனாவது அண்ணன் பெயரைத் தன் பெயரென்று சொல்லிக்கொண்டானோ? யோசிக்க யோசிக்கக் குழம்பியதே தவிர ஒன்றும் விளங்கவில்லை.

"ஏன் அக்கா?" என்றாள் சோமாவதி.

"ஒண்ணுமில்ல. நீ குடி."

அதன் பிறகு மூக்கம்மாள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. குழந்தைக்கு ஏழு வயதானதும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாள். அப்பன் பெயரை வாத்தியார் கேட்டபோது சற்றுத் தயங்கி, "மந்திரமூர்த்தி" என்றாள். "நீங்க யாரு?" என்று கேட்டதற்கு மட்டும் தயங்கவில்லை.

"அத்தை" என்றாள்.