மூடின மில்லில் திறந்த ஓட்டல்

ஓட்டல்காரனுக்கு நாக்கு இரண்டு வேலைக்கு வேண்டும்: ருசி பார்க்க, சமயத்தில் பொய் சொல்ல. எனக்கு இரண்டுமே சரியாக வராது. ஓட்டல் வைத்து நொந்தவர்களுக்கு இது புரியும்.

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில், மூடிக்கிடந்த நெல் மில்லில் கடை போட்டோம். அதற்கு முன் சைக்கிள் கடை வைத்து மூடியிருந்தேன். தையல் கடையும் அப்படியே. "இதையும் மூடினீங்கன்னா சின்னசேலத்துக்கு எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். தனியா சமைச்சித் துன்னுங்க" என்று என் மனைவி சரோஜா முதல் நாளே சொல்லிவிட்டாள். கல்வராயன் மலையிலிருந்து அந்தந்தப் பருவத்தில் எது இறங்குகிறதோ, அதுதான் அன்றைக்குச் சாப்பாடு. இது அவள் யோசனை, சமையலும் அவள். பலகையில் எழுதுவதும் பரிமாறுவதும் நான்.

புகைபோக்கி

அடுப்புப் புகையை மில்லின் பழைய புகைபோக்கியில் விட்டோம். புகையைப் பார்த்துவிட்டு சங்கராபுரத்துக்காரர் ஒருவர் மாட்டுவண்டியில் எட்டு மூட்டை நெல்லோடு வந்தார். முதல் வாடிக்கையாளர் என்ற குஷியில் ஓடிப்போய் மூட்டை இறக்க ஒரு கை கொடுத்தேன். சாப்பிட வந்தவருக்கு மூட்டை எதற்கு என்று யோசிக்கவேயில்லை. எட்டும் இறங்கிய பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இலை போட்டு உட்கார வைத்தேன். திருப்தியாகச் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டே கேட்டார்: "சாப்பாடு நல்லாத்தான் கீதுங்க. அரவை எப்போ?"

பலாப் பருவம்

பலா இறங்கிய மாதம் பிஞ்சில் பொரியல், கொட்டையில் குழம்பு, சுளையில் பாயசம். சலிப்புத் தெரியாமலிருக்க, பலகையில் தினமும் பெயரை மட்டும் மாற்றினேன்: 'மலைக் கூட்டு', 'முத்துக் குழம்பு'. மதியம் தவறாமல் வரும் தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒன்பதாம் நாள் பலகையைப் படித்துவிட்டு, முழங்கையைத் தடவிக்கொண்டார். "இன்னும் ரெண்டு நாள் போனா எனக்கே முள்ளு முளைச்சிடும் போலக்கீதுங்க."

புது ரகப் பொன்னி

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. ஒரு வாரம் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். லாரி வரவில்லை, அரிசி தீர்ந்தது. மிச்சம் ஒரு மூட்டை சாமை. "இன்னைக்கு அடுப்பு எரியலைன்னா மூடின மாதிரிதான்" என்றாள் சரோஜா. சின்னசேலத்துக்கும் பஸ் ஓடவில்லை என்பதுதான் எனக்கிருந்த ஒரே தைரியம்.

சாமை என்றால் டவுன்காரர்கள் எழுந்து போய்விடுவார்களே என்று 'புது ரகப் பொன்னி' என எழுதினேன். பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களால் மில் நிறைந்தது. பசியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மலையிலிருந்து வந்த ஒருவர் மட்டும் சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்தார். "இன்னாங்க இது, எங்க காட்டு சாமை! வூட்ல தெனம் இதானேன்னு, நெல்லுச்சோறு துன்ன விடியக்காலம் கெளம்பி நடந்தே வந்தேங்க!"

மில்லே சிரித்தது. நான் பரிமாறும் வாளியோடு தலைகுனிந்து நின்றேன். பக்கத்து இலைக்காரர், "அட, சாமையா? அப்போ இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க" என்றார். அடுத்த இலையும் கேட்டது. வாளியைப் பிடுங்கிக்கொண்ட சரோஜா சொன்னாள்: "நான் போடறேன். மொதல்ல போயி அந்தப் போர்டை அழிங்க."

அவள் கண் மூடும்வரை ஓட்டலும் மூடவில்லை, அவளும் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. ஆனாலும் அவள் சொன்னபடியே இன்று தனியாகச் சமைத்துத் தின்கிறேன், சாமையைச் சாமை என்றே சொல்லிக்கொண்டு.