தூர் எடுத்த வருஷம்

காரைக்குடியிலிருந்து சாக்கோட்டைக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் என் தோட்டம் வரும். ‘என் தோட்டம்’ என்று எழுதும்போதே முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. மறைக்கப் போவதில்லை, இது பெருமை அடித்துக்கொள்ள எழுதுவதுதான். தன்னடக்கம் வேண்டும் என்பவர்கள் வேறு யாரிடமாவது போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அப்பா வயல்களை அண்ணனுக்கும், கிணற்றோடு சேர்ந்த அரை ஏக்கர் புஞ்சையை எனக்கும் எழுதி வைத்தார். நான் காரைக்குடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். வேலை பார்த்த அத்தனை வருஷமும் நிலத்தை எட்டிப் பார்க்கவில்லை. நான் பார்க்காத நிலத்தைச் சீமைக்கருவேலம் பார்த்துக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு தை மாதம் போய் நின்றபோது, கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு வேப்பமரம் இருந்த இடத்தில் கோவைக்கொடி போர்த்திய ஒரு குவியல்தான் இருந்தது.

பக்கத்து வயல் அண்ணனுடையது. அவர் வரப்பில் நின்றபடியே சொன்னார்.

“ஏத்தா, உன் முள்ளு என் வயலுக்குள்ள வந்து குடும்பம் நடத்துது. ஒண்ணு நீ சுத்தம் பண்ணு. இல்ல, எனக்கு எழுதிக் குடுத்துரு. அடுத்த தை வரைக்கும் பாப்பேன்.”

“சுத்தம் பண்றேண்ணே.”

“நீயா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற அண்ணியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

எனக்கு முன்கோபம் உண்டு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், “தை பொறக்கையில ஒரு முள்ளு இருந்தாலும் எழுதித் தாரேன்” என்று வாயை விட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பத்திரத்தைக்கூட மறந்துவிடுவார்கள், வாயால் சொன்னதை மறக்கமாட்டார்கள். அப்பா எனக்கென்று ஒதுக்கிய ஒரே துண்டு நிலம் அந்த ஒரு வார்த்தையில் தொங்க ஆரம்பித்தது.

முதலில் கரிமூட்டம் போடுகிறவர்களை வரச் சொன்னேன். நான்கே நாளில் வெட்டவெளி ஆக்கிவிட்டார்கள். பிறகுதான் புரிந்தது, அவர்கள் அடியோடு வெட்டுவதே இல்லை. அடிக்கட்டையான தூரை விட்டுவைத்தால்தானே மூன்று வருஷம் கழித்து மறுபடியும் வந்து வெட்டலாம். கருவேலத்தை ஒழிக்கிறோம் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதை அறுவடைதான் செய்கிறார்கள். அவர்கள் போன பதினைந்தாம் நாள் ஒவ்வொரு தூரிலிருந்தும் பத்துத் துளிர் கிளம்பியிருந்தது.

அடுத்து ஜேசிபி வந்தது. நடுவில் இருந்ததையெல்லாம் கெல்லி எறிந்தது. கிணற்றோரம் போகச் சொன்னபோது ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, “அங்குட்டு வண்டிய எறக்க மாட்டேம்மா. கெணத்துச் செவரு சரிஞ்சுரும்” என்று சொல்லிவிட்டார். வேலி ஓரத்திலும் போக முடியவில்லை, அண்ணனுடைய கம்பிவேலி. ஆக, வேலியை ஒட்டி ஒரு வரிசையும் கிணற்றைச் சுற்றி நாலு தடித்த தூரும் எனக்கென்று மிஞ்சின.

எனக்குத் துணை வந்தவள் அந்த ஊர்க்காரி ஒருத்தி. நூறு நாள் வேலை இல்லாத நாட்களில் வருவாள். வேலையில் கை எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம் வாய். தூரில் துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நானும் வீட்டு டப்பாவைக் காலி செய்து, வேலியோரத்துத் தூர்களில் துளைபோட்டு அடைத்து, மேலே சாணியால் மெழுகிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் போனால் எல்லாம் முன்னைவிடச் செழிப்பாக நின்றன.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். “அக்கா, கட்டைக்கு இருந்த வாயுத் தொல்லை தீந்துருச்சு. இனிமே நல்லா வளரும்.”

பிறகு டீசல் ஊற்றினேன். தூரின் மேல்பக்கம் கறுத்தது, பக்கவாட்டில் துளிர்த்தது. கடைசியில் உரக்கடைக்காரரிடம் போய் நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, “வெட்டி எத்தனை நாளாச்சு?” என்பதுதான். மாசக்கணக்கு ஆகிறது என்றேன்.

“காஞ்ச கட்டையில எதை ஊத்துனாலும் எறங்காதும்மா. மேலாப்புல ஒரு வில்லை புதுசா அறுங்க. அறுத்த கையோட, ஈரம் காயிறதுக்குள்ள மருந்தைத் தடவீரணும். நடுக்கட்டையில தடவிப் பிரயோசனமில்ல, அது செத்த மரம். தோலை ஒட்டி வட்டமாத் தடவுங்க. உசுரு அங்கதான் ஓடுது.”

இத்தனை நாளும் நான் செத்த இடத்தில் மருந்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மறுநாளே நான் ரம்பத்தால் அறுக்க, கையுறை போட்டுக்கொண்டு அவள் பழைய பெயிண்டு பிரஷ்ஷால் தடவினாள். நான் அடுத்த தூருக்கு நகர்வதற்குள் அவள் முதல் தூரை முடித்திருக்கவேண்டும் என்று பேச்சு. ஒரே காலையில் வேலி வரிசை முழுவதும் முடிந்தது. மூன்றாவது வாரம் கோடாலிக் காம்பால் தட்டிப் பார்த்தேன். பட்டை கையோடு உரிந்து வந்தது. துளிர் ஒன்றுகூட இல்லை.

கிணற்றடியில் மட்டும் மருந்தைக் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறோம். கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கருவேலத்துக்கு உயிர் கழுத்தில் இருக்கிறது. தண்டும் வேரும் சேரும் அந்த இடத்துக்குக் கீழே போய் வெட்டிவிட்டால் அது திரும்பி வராது, மேலே வெட்டினால் வந்துகொண்டே இருக்கும். சுற்றி முழங்கால் ஆழம் மண்ணைத் தள்ளி, பக்கவேர்களை ஒவ்வொன்றாக அறுத்து, அடியில் கோடாலியைப் போடவேண்டும். ஒரு தூருக்கு ஒரு நாள் ஆனது. மத்தியானத்துக்கு மேல் என்னால் முடியாது, அவள் தொடர்வாள். கடைசித் தூரை மட்டும் அவளைத் தொடவிடவில்லை. அது மண்ணை விட்டுப் பெயர்ந்தபோது நானும் அதோடு பின்னால் விழுந்தேன். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். சாயங்காலம் கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரரிடம் கொப்புளம் கிளம்பிய உள்ளங்கைகளை நீட்டிக் காட்டினேன். அவர் கைகளைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், “நல்லவேளை, நான் உங்கிட்ட வம்புக்குப் போறதில்ல” என்றார்.

வேப்பமரத்தின் மேல் இருந்த கோவைக்கொடியை இழுத்துப்போட்டால் போதாது என்பதையும் அந்த வருஷந்தான் கற்றேன். கீழே கிழங்கு இருக்கும். அதையும் தோண்டி எடுத்த பிறகே மரம் மூச்சு விட்டது. ஆனி முடிவதற்குள் நிலம் கண்ணாடி போலக் கிடந்தது. அண்ணன் ஒருநாள் வரப்பில் நின்று பார்த்து, “பரவால்லையே” என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம். எனக்குத் தலை கனத்துவிட்டது.

தலை கனத்தவள் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் பக்கம் வெறும் நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவது வழக்கம். பகலெல்லாம் மேய்ந்துவிட்டு வரும் மந்தையை இரவில் நம் நிலத்தில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எருவாகும். கிடை போடாத நிலத்தை நிலம் என்று யாரும் மதிப்பதில்லை. கொய்யாக் கன்று வைப்பதற்கு முன் என் நிலத்துக்கும் அந்த மரியாதையைச் செய்யவேண்டும் என்று தோன்றியது. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து மந்தை ஓட்டி வந்த கீதாரியிடம் நானே போய்ப் பேசி, ஆடி மாதம் ஏழு நாள் கிடை போட்டேன். ஆவணியில் கொய்யாவும் எலுமிச்சையும் நட்டு, சொட்டுநீர்க் குழாயும் பதித்தேன்.

புரட்டாசியில் நல்ல மழை. நாலு நாள் கழித்துப் போனால் தோட்டம் முழுக்க மெல்லிய பச்சை. புல் கிளம்பிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். துணைக்கு வந்தவள்தான் குனிந்து ஒன்றைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள்.

“அக்கா, இது புல்லு இல்ல.”

இரண்டு தடித்த விதையிலைகள், நடுவில் கருவேலத்தின் சின்ன இலை. கீழே பார்த்தேன். ஒவ்வொரு புழுக்கையிலும் இரண்டு, மூன்று. கோடை முழுவதும் அந்த ஆடுகள் கண்மாய்க்கரையில் உதிர்ந்த கருவேலங்காயைத்தானே தின்றிருக்கும். கொட்டை செரிக்காது, வயிற்றில் ஊறி முளைக்கத் தயாராகத்தான் வெளியே வரும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். அதுவும் கீதாரிக்குச் சாப்பாடு போட்டு.

செய்தி அண்ணனுக்குப் போய்விட்டது. வந்தார், குனிந்து இரண்டு முளைகளைக் கிள்ளிப் பார்த்தார்.

“எனக்கும் வருசா வருசம் மொளைக்கத்தான் செய்யிது. வயல்ல ஏர் ஓடுறதால தெரியிறதில்ல. உன் எடத்துல ஏர் ஓடாதுல்ல” என்றார். பிறகு மெதுவாக, “பேசாம எழுதிக் குடுத்துருத்தா. நான் டிராக்டரை விட்டு ஓட்டிப்புட்டுப் போறேன்” என்றார்.

“என் கொய்யாக் கன்னு?”

“போகட்டும். காசுக்கு வாங்குனதுதான?”

“தை வரைக்கும்னு சொன்னீக. இன்னும் தை வரல” என்றேன். அவர் போனபிறகு அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில். யார்மேல் கோபம் என்று தெரியாததால் அழுகை நிற்க நேரமானது.

கன்றுகளுக்கு நடுவே மருந்து அடிக்க முடியாது. களைக்கொத்தால் செதுக்கினால் கழுத்து மண்ணுக்குள்ளேயே நின்றுகொண்டு மறுபடி துளிர்க்கும். ஒரே வழிதான் இருந்தது, ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்குவது. அதுவும் மண் ஈரமாக இருக்கும்போது மட்டும். விரல் உயரச் செடிக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேர் கீழே போயிருக்கும். மண் காய்ந்தால் பாதியில் அறுந்துவிடும்.

ஆகவே மழை பெய்த மறுநாள் காலையிலேயே முதல் டவுன் பஸ்ஸில் போய் இறங்குவேன். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள். கயிறு கட்டி நீளநீளமாகப் பாத்தி பிரித்து, குத்தவைத்து நகர்ந்துகொண்டே பிடுங்குவோம். முழங்கால் வலிக்கும்போது மணைப்பலகை போட்டு உட்கார்ந்தேன். அடுத்த மழைக்கு அதே இடத்தில் புதிதாக முளைத்திருக்கும். மறுபடி முதல் பாத்தியிலிருந்து ஆரம்பிப்போம். ஐப்பசி முழுக்க இப்படியே. ஒருநாள் அவள் கேட்டாள், “அக்கா, ஆபீசுல இருந்தப்பவும் இம்புட்டுப் பிடிவாதமாத்தான் இருந்தீகளா?” என்று. இதைவிட அதிகம் என்றேன். அவள் என்கீழ் வேலை பார்த்தவர்களுக்காகப் பரிதாபப்பட்டாள்.

கார்த்திகையில் முளைப்பது குறைந்தது. மார்கழியில் ஒரு பாத்திக்கு நாலைந்து கிடைத்தால் அதிகம். துளிர்விட்ட கொய்யா இடுப்பளவு வந்திருந்தது. பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் நான் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். கூடவே மதுரைக்காரர் ஒருவர், கையில் நிலத்தின் வரைபடம்.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குனிந்த தலையோடு பாத்தி பாத்தியாக நடந்தார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை. இரண்டு இடத்தில் உட்கார்ந்தே பார்த்தார். ஒன்றே ஒன்று எங்காவது தப்பியிருந்தால் போதும், வார்த்தை போனது போனதுதான். அவர் வேலியோரம் முழுக்கப் போய், செத்த தூர்களைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கை வெறுமையாக இருந்தது.

மதுரைக்காரர் வரைபடத்தை விரித்தார். “சார், லாட்ஜுக்கு இந்தக் கிணத்துப் பக்கம்தான் வாசல் வச்சா நல்லா இருக்கும். கிரயத்த எப்ப முடிச்சுக்கலாம்? தை பொறந்ததும் கைக்கு வந்துரும்னு நீங்கதான சொன்னீங்க.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் தூர் எடுத்துக்கொண்டிருந்தபோதே என் நிலத்துக்கு அண்ணன் விலை பேசி வைத்திருக்கிறார். நான் தோற்றுவிடுவேன் என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. “சொன்னேன். அப்ப இது கருவேலங்காடு” என்றார். “இப்ப இது எந்தங்கச்சி தோட்டம். அவ விக்க மாட்டா.”

கோபம் வந்தது. அதற்கு முன்னாலேயே பெருமை வந்து நெஞ்சில் இடம்பிடித்துக்கொண்டதால் கோபம் ஓரமாக நிற்கவேண்டியதாயிற்று. தோட்டத்துக்காரி நான்தானே என்ற நினைப்பில், வந்தவர்கள் இரண்டு பேருக்கும் கிணற்றுத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக் குடித்தார்.