பலாசியா எடுத்துவைத்த இரண்டு கத்திகள்

என் தங்கை பலாசியாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அந்தச் செப்டம்பரிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. புருஷன் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. மூன்று பிள்ளைகள். இடுப்பு தேய்ந்துபோன அண்ணன் நான், அவள் வீட்டிலேயே இருந்தேன்.

மீன் குறைந்துபோனதால் அந்தக் கோடையில் ஆற்றில் வலை போடக் கூடாது என்று அரசாங்கம் தடுத்துவிட்டது. மீன் உலர்த்தும் கம்புகள் வெறுமையாக நின்றன. குளிர்காலத்துக்கு எங்களுக்கு இருந்த ஒரே வழி, குதிரையைவிடப் பெரிதாக வளரும் மூஸ் மான். ஒரு கடா கிடைத்தால் ஐந்து பேர் வசந்தம் வரை சாப்பிடலாம்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. பலாசியா அதுவரை மூஸ் சுட்டதில்லை. எங்கள் ஆற்றோரத்தில் ஒருவர் சுடும் முதல் மூஸ் முழுதும் ஊருக்கு. சுட்டவர் வீட்டில் ஒரு வாய்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. ஆளுக்கு ஒரு கடாவுக்குத்தான் அனுமதிச்சீட்டு, எங்களிடம் இருந்தவை இரண்டு. நான் இளமையிலேயே என் முதல் மூஸை ஊருக்குக் கொடுத்துவிட்டவன், ஆகவே நான் சுட்டால் கறி வீட்டுக்கு வரும். அவள் சுட்டால் என் சீட்டுக்கு இன்னொரு கடா தேட வேண்டும்.

சாமான் எடுத்துவைத்தது நான். எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. ஆனால் பட்டியல் போடுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. படகில் பெட்ரோல், கூடாரம், சாப்பாடு, ஆயிரம் பவுண்டு கறி எல்லாம் ஏற வேண்டும். அதனால் கைரம்பம், கோடாலி, பெரிய கத்தி ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டு மோட்டார் ரம்பத்தை வைத்தேன். விலா, இடுப்பெலும்பு, முதுகு எல்லாம் அரை மணியில் முடியும்.

"அண்ணே, அந்தக் கைரம்பத்தையாவது வையேன்."

"மோட்டார் ரம்பம் இருக்கப்ப அது எதுக்கு? படகு என்ன கப்பலா?"

"அது சங்கிலிக்கு ஊத்துற எண்ணெய் கறியெல்லாம் தெறிக்குமே."

"சமையல் எண்ணெய் ஊத்திப்பேன். எழுதியிருக்கேன் பாரு."

அவள் மீன் அறுக்கும் தன் பிறைக்கத்தியையும், விரலைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு மெல்லிய கத்தியையும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். கூடவே சாணைக்கல், கயிறு, கறி போடப் பருத்திப் பைகள் எட்டு.

"மீன் அறுக்கப் போறியா?" என்று கேலி செய்தேன்.

"நீ மரம் அறுக்கப் போறப்ப, நான் மீன் அறுத்தா என்ன?"

ஐந்து நாள் முகாமில் கிடந்தோம். வெயில் அடித்தது, கடாக்கள் புதரை விட்டு வெளியே வரவில்லை. வேட்டை சீசன் முடிய இரண்டு நாள் இருந்தபோது, காலை பத்து மணிக்கு, கிளை ஆற்றின் அக்கரை மணல்திட்டில் ஒன்று வந்து நின்றது. தூரம் முந்நூறு அடி இருக்கும்.

"நீ சுடு அண்ணே. நீதான் சுடணும்" என்றாள் காதருகே.

சுட்டேன். குண்டு முதுகுக்கு மேலே போனது. மறுபடி சுட்டேன், மரத்தில் பட்டது. கடா திரும்பி எங்கள் பக்கம் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, திட்டின் ஓரமாகப் புதரை நோக்கி நடக்கத் தொடங்கியது. இன்னும் பத்து அடி போனால் புதருக்குள் மறைந்துவிடும். அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடித் திறந்தாள். பிறகு தன் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டாள். தோளுக்குப் பின்னால் ஒரே குண்டு. முழங்கால் ஆழத் தண்ணீரில் கடா சாய்ந்து விழுந்தது.

படகில் அக்கரைக்குப் போனோம். ஆயிரத்து இருநூறு பவுண்டு உடம்பை எங்கள் இரண்டு பேரால் ஓர் அங்குலம் நகர்த்த முடியவில்லை. மதியம் கடல் ஏற்றம் வரும்போது எங்கள் ஆற்றிலும் தண்ணீர் உயரும். மூன்று மணி நேரம் இருந்தது. சேற்றுத்தண்ணீர் வயிற்றுக்குள் போனால் கறி கெட்டுவிடும்.

மோட்டார் ரம்பத்தை எடுத்தேன். முகாமில் விறகு அறுத்தபோது ஊற்றிய கறுப்பு எண்ணெய்தான் அதில் இருந்தது. சமையல் எண்ணெய்ப் புட்டியைத் தேடினேன். காலியாக உருண்டது. ஐந்து நாளும் அந்த எண்ணெயில்தான் ரொட்டி பொரித்துத் தின்றோம். என் பட்டியலில் அந்த ஒரே புட்டியை ரம்பத்துக்கு ஒரு தடவை, அடுப்புக்கு ஒரு தடவை, இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன்.

"பலாசி..." என்றேன். காலிப் புட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் புட்டியைப் பார்த்தாள். "ரொட்டி நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "சாணைக்கல்ல எடு."

மிதந்து போகாதபடி கொம்பைக் கயிற்றால் புதரில் கட்டினாள். கொம்பு எங்கள் வீட்டுக் கதவு அகலம். பிறகு மெல்லிய கத்தியை எடுத்தாள். மயிரை வெட்டினால் அதிலிருக்கும் மணல் கத்தியின் கூரைத் தின்றுவிடும். அதனால் தோலில் ஒரு ஓட்டை போட்டு, கூர் வெளியே பார்க்கும்படி உள்ளிருந்து மேலே கீறிக்கொண்டு போனாள். பிறைக்கத்தியால் தோலை உரித்தாள். நான் படகு விளிம்பில் உட்கார்ந்து, அவள் ஒரு கத்தியால் வெட்டும்போது மற்றதைத் தீட்டினேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கத்திகள் கைமாறின.

எலும்பில் அவள் கத்தி வைக்கவே இல்லை. முன்காலை உடம்போடு சேர்க்க எலும்பு மூட்டு கிடையாது, தசை மட்டும்தான். அது நாலு வெட்டில் தனியாக வந்தது. பின்காலுக்கு இடுப்புக் கிண்ணத்தை விரலால் தேடி, நரம்பை அறுத்தாள். டப்பென்று கழன்றது. ஒவ்வொரு காலும் நூறு பவுண்டுக்கு மேல். என் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நானும் இழுத்தேன். வலியில் கத்தினேன், அவள் திட்டினாள்.

"கத்தாதேண்ணே, கத்தினா கறி லேசாயிடுமா?"

தண்ணீர் அவள் தொடைக்கு வந்தது. குடலை முழுதாக வெளியே இழுத்தாள். மூத்திரப்பையை முடிச்சுப் போட்டாள். விலாவை நெஞ்சருகில் குருத்தெலும்பு வழியே பிரித்தாள். அவள் விரல்கள் நீலமாகிவிட்டன, கத்தி இருமுறை நழுவியது. மேல்பக்கம் முழுதும் படகில் ஏறியது. கீழ்ப்பக்கத்தைப் புரட்ட, தண்ணீரே தூக்கிக் கொடுத்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுதான் கடைசிக் காலைக் கழற்றினாள். கீழ்ப்பக்க விலா மட்டும் சேற்றோடு போய்விட்டது. அதைப் பார்த்து அழுதாள்.

படகில் பைகளை மூடிக்கொண்டிருந்தபோது, நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"பலாசி, நான்தான் முதல்ல சுட்டேன். என் சீட்டுல எழுதிடலாம். யாரு பாத்தா?"

அவள் கை நின்றது.

"புள்ளைங்க அஞ்சு மாசம் எதைத் தின்னும்? சொல்லு."

"தெரியலண்ணே."

"அப்புறம் என்ன?"

"அது உன் ரெண்டு குண்டையும் வேணாம்னு போச்சு. என்கிட்டதான் நின்னுச்சு. அதுக்குத் தெரியும்ல, யாருகிட்ட வந்தோம்னு?" கத்திகளைத் தண்ணீரில் அலசினாள். "பொய் சொல்லித் தின்ன கறி என் தொண்டையில இறங்காது. இனிமே என்கிட்ட ஒரு மூஸும் வராது."

"இனிமேல பத்தி இப்ப எவன் கேட்டான்!" என்று கத்தினேன். அவள் எஞ்சினை இயக்கினாள்.

ஊரில் வீடு வீடாகக் கொடுத்தாள். முதியவர்களுக்கு முதுகுக்கறி, நாக்கு, இதயம். பிறகு ஆண் துணை இல்லாத வீடுகளுக்கு. பக்கத்து வீட்டு ஓலிங்கா பெரிய பாத்திரத்தோடு வாசலில் நின்றாள்.

"ஏண்டி, விதவைக்குக் குடுக்கணும்னா முதல்ல உனக்கே குடுத்துக்கணும்டி!"

"என் வீட்டுல இடமில்லக்கா, அண்ணன் குண்டாயிட்டான்" என்றாள் பலாசியா. ஓலிங்கா சிரித்தாள், பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. பலாசியாவின் சின்ன மகன் கடைசிப் பையை எட்டிப் பார்த்து, "நமக்கு எதும்மா?" என்று கேட்டான். பலாசியா பையை மடித்துத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் சீசனின் கடைசி நாள். என் சீட்டோடு விடியும் முன்பே கிளம்பினோம். அன்று பையில் என்ன இருக்க வேண்டுமென்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு வளைவாக எஞ்சினை நிறுத்தி, அவள் பெண்மூஸ் குரலில் கடாவைக் கூப்பிட்டாள். எங்கோ ஒரு கிளை முறிந்த சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். எதுவும் வரவில்லை. மாலை இருட்டிக்கொண்டு வந்தது. இலக்கு கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் துப்பாக்கியிலிருந்து குண்டுகளைக் கழற்றினேன்.

படகைத் திருப்பினாள்.

"ஆறு உறையட்டும்ணே, அப்ப தடை இல்ல. பனிக்கட்டிய உடைச்சு அடியில வலை விடலாம்."

"மீன் இருக்கும்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. குளிருதுன்னா அந்தத் தார்பாய போத்திக்கோ."