பச்சைக் கட்டம் போட்ட சட்டை

வகுப்பறையில் நரியையும் ஆமையையும் நாற்பதாண்டுகள் பேச வைத்தவன் நான். அவையெல்லாம் புனைவு. இது 2003 செப்டம்பரில், சேலையூரில், என் வீட்டுக் கூடத்தில் நடந்தது. ஒரு சொல்லையும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

சென்னையில் கட்டணச் சேனல்களுக்குச் செட்-டாப் பாக்ஸ் கட்டாயமான புதிது. அது வேண்டாமென்று, பரணில் கிடந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியை இறக்கினேன். மாடியில் ஆன்டெனா பொருத்த மெக்கானிக் சிட்டிபாபு வந்தார். பெட்டியைப் போட்டதும் திரை முழுதும் புள்ளிகள் கொதித்தன.

"இந்தப் புள்ளியில கொஞ்சம், பிரபஞ்சம் பிறந்தப்போ கிளம்பின கதிர்வீச்சுப்பா" என்றேன்.

"அப்போ கடவுளே ஓட்ற சேனலா சார்? அதுக்கும் பாக்ஸ் வாங்கச் சொல்வானுங்க!" சிரித்தபடி மாடியேறினார்.

மாலை 6.47.

மேலே இரும்புக் குழாய் கிறீச்சிட்டது. "தெரியுதா சார்?"

"இல்லப்பா!"

கிறீச்... புள்ளிகள் அடங்கின. காணாமற்போனவர்கள் பற்றிய அறிவிப்பு. ஒரு புகைப்படம். பெண்குரலொன்று நிதானமாக வாசித்தது. "பெயர் சிட்டிபாபு. வயது முப்பத்து நான்கு. காணாமற்போன அன்று பச்சைக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார்..."

அவர் முகமேதான். கறுப்பு வெள்ளைத் திரையில் சட்டை மட்டும் பச்சையாக இருந்தது.

"தெரியுதா சார்?"

பிளக்கைப் பிடுங்கினேன். படம் போகவில்லை.

ஒன்று... இரண்டு... மூன்று...

அணைந்தது.

சிட்டிபாபு இறங்கி வந்தார். கையில் பிரிக்காத ஒயர்ச் சுருள்.

"தெரியுதான்னு கேட்டியே..."

"நானா? ஒயரே இன்னும் மாட்டல சார். இன்னாத்த கேக்கப்போறேன்?"

சொல்ல வாயெடுத்தேன். அவர் சட்டையைப் பார்த்தேன். வெள்ளை. அறிவு பயத்தை வென்றுவிட்டதாக எண்ணி, வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனம்தான் இன்றும் என்னை அறுக்கிறது.

"இருட்டிப்போச்சு சார். நாளைக்குப் பொத்தேரில ஒரு வேல கீது. முடிச்சிட்டு வந்து மாட்றேன்."

வரவில்லை.

மூன்றாம் நாள் அவர் மனைவி துர்கா தேடி வந்தார். பொத்தேரிக்குக் கிளம்பியவர் அங்கே போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை.

"என்ன சட்டைம்மா போட்டிருந்தார்?"

"பச்சக் கட்டம் சார். மொத நா ராத்திரி எட்டு மணிக்குத்தான் வாங்கியாந்தேன். பொறந்த நாளுக்கு."

"அந்தச் சட்டையில ஃபோட்டோ..."

"ஏது சார்? காலைல போட்டாரு, போய்ட்டாரு. அதுல அவர படமே எடுக்கல."