தலையாட்டலுக்குக் காத்திருந்தவள்

ஞானபாக்கியம் எதையாவது சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவருடைய முகவாயைப் பார்ப்பாள். அது அசைந்தால்தான் அடுத்த பேச்சு. அசையாவிட்டால் சொன்னதையே இன்னொரு முறை சொல்லுவாள். பல வருஷம் பக்கத்துத் தறியில் நின்ற எனக்கு அது வித்தியாசமாகத் தெரிந்ததில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் எங்கள் கூடத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே யார் குரலும் கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துவிட்டால் தலையாட்ட வேண்டும். ஆட்டாத வரைக்கும் சொன்னவள் விடமாட்டாள்.

இந்தப் பழக்கம்தான் அவளை மேடையில் கவிழ்த்தது.

அவள் அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். அதில் பேச்சுக்கலை ஒரு பாடம். தறியை விட்டுவிட்டுப் பட்டிமன்றப் பேச்சாளராக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மலைச்சாமி என்ற பள்ளி ஆசிரியர் பட்டிமன்றக் குழு ஒன்று நடத்தினார். அவரே நடுவர். குழுவில் ஓர் இடம் காலியானதும் பாக்கியம் போய்க் கேட்டாள். எண்பத்தாறில், ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில், அவளைப் பேசவிட்டுப் பார்க்கலாம் என்றார்.

குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது மாமியாரா, மருமகளா என்பது தலைப்பு. பாக்கியம் மருமகள் பக்கம். நானும் கூடப் போயிருந்தேன். முதல் வரிசையில் வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்து முதல் வாதத்தைச் சொன்னாள். அவர் தலை அசையவில்லை. மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை ஒவ்வொரு சொல்லாக, வாயை அகலத் திறந்து சொன்னாள். அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அது எல்லோருக்கும் தெரிந்தது, அவளுக்கு மட்டும் உறைக்கவில்லை.

"ஏத்தா, அந்த மருமக ஒரே சோத்த எத்தன தடவ பொங்குவா? எறக்கி வைக்கச் சொல்லு" என்றார் பின்னாலிருந்து ஒருவர். கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் ஓடவில்லை.

இறங்கி வந்தவளிடம் மலைச்சாமி கோபப்படவில்லை. "குரல் இருக்கு, விஷயமும் இருக்கு. ஆனா அரைச்ச மாவையே அரைக்கியேம்மா. பொங்கலுக்கு ராஜபாளையத்துல ஒரு மேடை இருக்கு. அதுலயும் இப்பிடின்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளாகவே சொன்னாள். "ஏன் அப்பிடிச் சொன்னதையே சொன்னேன்னு எனக்கே தெரியலக்கா."

அஞ்சல் வழி வகுப்புக்காக அவள் ஒரு கல்லூரிக்குப் போய்வருவது வழக்கம். அங்கே நூலகத்தில் கழித்துப் போட்ட பழைய ஆங்கில இதழ்கள் சிலவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வந்தாள். மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை மட்டுமே ஆராயும் இதழாம். நான் புரட்டிப் பார்த்தேன். படமே கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை.

"பேசுறதுல ஆராய என்னட்டி இருக்கு? வாயிருக்கு, பேசுறோம்."

"அதத்தான் நானும் பாக்கேன், நசீமாக்கா" என்றாள்.

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையைப் பல வாரம் படித்தாள். ஞாயிறுதோறும் நான் போய் உட்காருவேன். அவள் தமிழில் சொல்லுவாள். நம் ஊரில் கதை கேட்கிறவர் உம் கொட்டுகிறாரே, அதைப் பற்றித்தான் அந்தக் கட்டுரை. எந்த நாட்டிலும் கேட்கிறவர் ஏதோ ஒரு விதத்தில் உம் கொட்டத்தான் செய்கிறாராம். அதை நிறுத்திவிட்டால் சொல்கிறவர் தடுமாறுவாராம், சொன்னதையே திருப்பிச் சொல்வாராம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "அவிய ஊருக்குச் சரி. நமக்குச் சரிப்படுமா?"

"பாத்துருவோம். நான் கத சொல்லுதேன். நீங்க உம்முங்காம, தலையாட்டாம கல்லு மாதிரி இருங்க."

தறிக்கூடத்துக்குள் ஆடு புகுந்த கதையைத் தொடங்கினாள். நான் கல்லாக இருந்தேன். ஆடு வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. மறுபடி வாசலைத் தாண்டியது. மூன்றாம் முறை வாசலுக்கு வந்தபோது அவளே நிறுத்திவிட்டாள். இதழை எடுத்து அந்தக் கட்டுரையை விரலால் தட்டினாள்.

"மேடைல நின்னுக்கிட்டு நான் தறிக்கூடத்துப் பேச்சுப் பேசியிருக்கேங்க்கா. அந்தத் தாத்தா தலையாட்டுவாருன்னு நின்னிருக்கேன்."

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரர் பீர் மைதீனிடமும் சோதித்துப் பார்த்தேன். கடையில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். "கேக்கியா?" என்றார். கொஞ்சம் சொன்னார். "கேக்கியா இல்லையா?" என்றார். கடைசியில், "ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பிழை தெரிந்துவிட்டது. ஆனால் பாக்கியத்துக்கு அது போதவில்லை. "ரெண்டு பேரு பேசுறதத்தான் எழுதியிருக்காக. எரநூறு பேரு எப்பிடி உம் கொட்டுவாங்கன்னு இதுல இல்லையே" என்றாள். கொண்டுவந்த இதழ்கள் எதிலும் அது இல்லை.

அதனால் அடுத்து நடந்த ஒரு பட்டிமன்றத்தில் அவள் மேடைக்குப் பக்கத்தில், பேச்சாளருக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். "ஏட்டி, பேசுற ஆளு அந்தப் பக்கம்லா இருக்காரு" என்று ஒரு அம்மாள் அவளைத் திருப்பப் பார்த்தார். அவள் அசையவில்லை. கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டத்துல கடலை உடைக்கிறதக் கவனிச்சீங்களாக்கா? பேச்சு பிடிச்சா ஒடைக்கிற கை நின்னுருது. பிள்ளையத் தட்டுற கையும் நின்னுருது. கூட்டம் கையாலதான் உம் கொட்டுது."

பொங்கல் விழாவில் அதே தலைப்பு, அதே பக்கம். முதல் வாதத்தைச் சொன்னாள். முன்வரிசையில் விழாக்குழுத் தலைவர் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவள் பார்வை ஒரு கணம் நின்றது. பார்வை நகர்ந்து பின்னால் போனது. எங்கும் கடலை உடையும் சத்தம். இரண்டாவது வாதத்தைப் பாதியிலேயே விட்டாள். ஷிப்டு முடிந்து வரும் மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள்.

"ராத்திரி வேல முடிஞ்சு வாறா. தூங்கிட்டுச் சமைக்கலாமா, சமைச்சுட்டுத் தூங்கலாமான்னு மாமியாரு அவகிட்டயே விட்டுர்றாக. இதவிட எந்த மாமியாரு விட்டுக்கொடுப்பாக?"

கைகள் நின்றன. சத்தம் மொத்தமாக அடங்கியதும் அவளும் நிறுத்தினாள். பெண்கள் பக்கமிருந்துதான் முதலில் சிரிப்பு வந்தது. அது முடியும்வரை காத்திருந்துவிட்டு மேலே பேசினாள். எதையும் இரண்டாம் முறை சொல்லவில்லை.

தீர்ப்பு என்னவோ மாமியார் பக்கம்தான் போனது. மலைச்சாமி சால்வையை மடித்துக்கொண்டே அவளிடம் வந்தார். "வர்ற மாசம் சாத்தூர். பஸ்ஸுக்கு நேரத்தோட வந்துரு."

இது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாக்கியம் தறியை விட்டுவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். மலைச்சாமியின் குழுவில்தான் இன்றும் பேசுகிறாள். கூட்டம் நடக்காத மழை மாதங்களில் ஒரு டுடோரியலில் தமிழ் வகுப்பு எடுக்கிறாள்.