நான்-ஸ்டாப் அண்ணாச்சியின் நிறுத்தங்கள்

மூத்திரப்பை ஸ்கேன் எடுப்பவனிடம் யாரும் நிம்மதியாக வருவதில்லை. உட்கார மாட்டார்கள், நிற்க மாட்டார்கள், நான் பேசி முடிக்கும்வரை பொறுக்கவும் மாட்டார்கள்.

என் குரல்

புனே பக்கம் நிக்டியில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் எனக்கு வேலை. கழிப்பறை போய் வந்தவருக்குப் பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பேன். அதற்குமுன் "முழுசாப் போச்சா?" என்று கேட்டாக வேண்டும். என் குரலோ எனக்கே கேட்காது. மெதுவாகப் பேசும் இனத்தவரே, உங்களுக்குத் தெரியும் இந்தப் பாடு. ஒரு பெரியவர் திரும்பத் திரும்ப "காய்? காய்?" (என்ன? என்ன?) என்றதில், அதே கேள்வியை மராத்தியில் கத்தியே விட்டேன். என் மராத்தியை வைத்தே ஊரைக் கண்டுபிடித்திருக்க வேண்டும், வெளியே வரிசையிலிருந்து தமிழில் பதில் வந்தது: "எனக்கு முழுசாப் போயிட்டு தம்பி. நான் கெளம்பலாமா?"

நிறுத்தாத பஸ்

அவர் இசக்கி அண்ணாச்சி. சாகண் கார் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் டிரைவர். பல வருஷச் சர்க்கரை. எவ்வளவு டிராஃபிக்கில் மாட்டினாலும் அவருக்கு முட்டாது. யாராவது நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினால், "வயசுப் பிள்ளைகளுக்கு அடக்கத் தெரியலையே" என்று சிரிப்பாராம்.

போய்விட்டு வந்தவரைப் படுக்கவைத்துப் பார்த்தேன். போகாதவர் பை மாதிரி நிறைந்திருந்தது. சர்க்கரை நரம்பைக் கெடுத்ததால் நிறைந்ததே தெரியவில்லை என்றார் டாக்டர். தேங்கினால் கிட்னிக்கு ஆபத்து. குறையாவிட்டால் மூத்திரம் வடிய டியூப். டியூபோடு பஸ் ஓட்ட முடியாது. அண்ணாச்சி சட்டைப் பட்டனைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். "இதை வச்சுல்லா தம்பி இத்தனை நாளும் பெருமையடிச்சிட்டுத் திரிஞ்சேன்."

மணி பார்த்து

மருந்தோடு டாக்டர் சொன்ன வழி இது: தண்ணீரைக் குறைக்கக் கூடாது. முட்டினாலும் முட்டாவிட்டாலும் மணி பார்த்துப் போக வேண்டும். போனபின் கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. சொல்லிக்கொடுப்பது என் பாடு. அண்ணாச்சி வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே கேட்டார்: "நடுரோட்டுல வண்டிய ஓரங்கட்டிட்டு நான் எறங்கினா, பின்னால இருக்கவுக சிரிக்க மாட்டாவளாடே?"

மறு ஸ்கேன்

அன்றைக்கு எனக்குத்தான் படபடப்பு. ஜெல்லை அவர் சட்டையிலும் பூசினேன். மிச்சம் நன்றாகக் குறைந்திருந்தது. இப்போதைக்கு டியூப் வேண்டாம் என்றார் டாக்டர். அண்ணாச்சி தினமும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் பஸ்ஸை நிறுத்துகிறாராம். "யாரும் சிரிச்சாங்களா அண்ணாச்சி?" என்றேன்.

அவர் வாய் திறப்பதற்குள், ஷிஃப்ட் முடிந்து அண்ணாச்சியின் பஸ்ஸில் வந்த தொழிலாளி ஸவிதா அக்கா எங்கள் கழிப்பறையைத் தேடி உள்ளே பாய்ந்தார். பின்னாலேயே இன்னும் சில பெண்கள். திரும்பி வந்தவர் மராத்தியில் என்னைப் பிடித்துக்கொண்டார்: "பஸ் நிக்காதுன்னு பகலெல்லாம் தண்ணியே குடிக்காம இருந்தோம் அண்ணா. இப்பதான் நிம்மதியாக் குடிக்கிறோம். இவருக்கு இந்த வியாதிய முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?"

ஒருவருக்குச் சொன்ன வைத்தியம் ஒரு பஸ்ஸுக்கே கேட்டதை நான் இங்கேதான் பார்த்தேன்.